திருவேங்கடம் வட்டாரப் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்: வெளிநாட்டு வேலைக்கான படிப்பு பற்றி ஒரு திறந்த மடல்



வெளிநாட்டு வேலைக்கு மூன்று வாசல்கள் உண்டு. உரிமம் இல்லாமல் தொடவே முடியாத வேலைகள் முதல் வாசல்: நர்ஸ், டாக்டர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட். போகும் நாட்டின் கவுன்சிலில் தேர்வெழுதிப் பதிவுசெய்த பிறகுதான் இவர்கள் வேலையில் சேர முடியும். பட்டத்தைப் பார்த்து முதலாளி விசா எடுத்துத் தரும் வேலைகள் இரண்டாவது: மென்பொருள், பொறியியல், கணக்கு. மூன்றாவது கைத்தொழில்: வெல்டர், எலக்ட்ரீசியன், பைப் ஃபிட்டர், ஏசி மெக்கானிக். ஒவ்வொரு வாசலிலும் கேட்கிற காகிதம் வேறு, ஆகிற செலவு வேறு, காத்திருக்கும் காலமும் வேறு. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை, எந்த வாசல் என்று முடிவுசெய்வதிலிருந்து தொடங்க வேண்டும். வீடுகளில் பேச்சு பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. முதலில் நாடு, அப்புறம் ஏஜென்ட், அப்புறம் காலேஜ். என்ன வேலை என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

தென்காசி மாவட்டத்துக்குக் கடல் கடந்த பிழைப்பு புதிதல்ல. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சிங்கப்பூரில் காலூன்றிவிட்டன. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-ல் தொடங்கப்பட்டது. 1946-ல் அது நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. பிற்பாடு அதே ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் ஆட்கள் போனார்கள். இப்படி ஒரு சங்கிலி உள்ள ஊரில், பிளஸ் டூ முடித்த பையனிடம் அங்கத்திய சம்பளம், வாடகை, கம்பெனியின் லட்சணம் எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொல்ல ஒரு மாமா இருப்பார். சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் தீப்பெட்டி ஆபீசும் பிழைப்பாக உள்ள திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அந்தச் சங்கிலி மெலிவு. இங்கிருந்து வேலை தேடிப் போனவர்கள் சிவகாசி, கோவில்பட்டி, திருப்பூர், சென்னை என்றே அதிகம் போனார்கள். ஆகவே பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிக்கும் ஏஜென்ட் பேச்சுக்கும் இங்கே தகுதிக்கு மீறிய எடை கிடைத்துவிடுகிறது.

2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வோர் ஆய்வு, வெளிநாடுகளில் இருந்த தமிழ்நாட்டவரைச் சுமார் 22 லட்சம் என்று கணக்கிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூர், அடுத்தது ஐக்கிய அரபு அமீரகம். அமெரிக்கா அதற்கும் கீழேதான் வந்தது. கல்லூரி விளம்பரங்களைப் பார்த்தால் உலகமே கலிபோர்னியா பக்கம் சாய்ந்திருப்பதுபோலத் தோன்றும்.

பொறியியலில் இருந்து தொடங்குவது முறை; இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் கையில் எடுப்பது அதுதான். கோவில்பட்டி, சிவகாசி, கிருஷ்ணன்கோவில், திருநெல்வேலி என்று கல்லூரிகளும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. பி.இ. பட்டம் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான் என்ற நினைப்பு 2018-ல் குவைத்தில் உடைந்தது. பொறியாளர் என்ற பதவியில் இகாமா என்னும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று அந்நாட்டு அரசு அந்த ஆண்டு விதித்தது. அந்தச் சங்கம் இந்தியப் பட்டங்களில் என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளை மட்டும் ஏற்றது. பத்து, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட, தாங்கள் படித்த காலத்தில் தங்கள் பிரிவுக்கு அந்த அங்கீகாரம் இல்லாததால் மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாடு, கேரளக் கல்லூரிகளில் படித்தவர்கள் இதில் ஏராளம். சிலர் மேற்பார்வையாளர், டெக்னீஷியன் என்று பதவிப் பெயரை இறக்கி விசாவைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

என்.பி.ஏ. என்பது தேசிய அங்கீகார வாரியம். 1994-ல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. அதைத் தொடங்கியது. இந்த வாரியம் கல்லூரிக்கு அங்கீகாரம் தருவதில்லை. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தருகிறது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. வாசலில் மாட்டியிருக்கும் ‘நாக்’ பலகை கல்லூரி முழுமைக்குமான வேறொரு மதிப்பீடு. அதைக் காட்டி என்.பி.ஏ. கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தியா 2014 ஜூனில் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினர் ஆனது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று தமக்குச் சமமாக மதிக்கும் ஏற்பாடு அது. ஆனால் என்.பி.ஏ. அங்கீகாரத்தில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் பெறும் முதல் அடுக்கு மட்டுமே அந்த உடன்படிக்கைக்குள் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகள் பெறும் இரண்டாம் அடுக்கு வராது. கலந்தாய்வில் கல்லூரி எண்ணை அழுத்துவதற்கு முன், அந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, எந்த அடுக்கு, எந்த ஆண்டு வரை என்பதை என்.பி.ஏ.யின் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். பஸ் வசதி, ஹாஸ்டல் சாப்பாடு பற்றி விசாரிக்கும் நேரத்தில் பாதிகூட இதற்கு ஆகாது.

எந்தப் பிரிவு என்பது நாட்டைப் பொறுத்தது. கட்டுமானமும் எண்ணெயும் ஓடும் வளைகுடாவில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் ஆட்களுக்கு வேலை உண்டு. ஆனால் படித்து முடித்த கையோடு யாரும் எடுப்பதில்லை. இரண்டு, மூன்று ஆண்டு சைட் அனுபவம் கேட்பார்கள். அந்த அனுபவத்தைச் சென்னையிலோ பெங்களூரிலோ குறைந்த சம்பளத்தில்தான் சேர்க்க வேண்டியிருக்கும். அமெரிக்கா என்றால் பேச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போய்விடுகிறது. அங்கே எம்.எஸ். படித்து, 12 மாத வேலை அனுமதியும் அறிவியல், தொழில்நுட்பப் பாடமானால் மேலும் 24 மாதமும் பெற்று, அதற்குள் எச்-1பி விசா பிடிப்பது வழக்கமான பாதை. அந்த விசா ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 பேருக்கும்தான். கேட்பவர் எண்ணிக்கை இதைப்போலப் பல மடங்கு என்பதால் குலுக்கல் நடக்கிறது. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்ததில் இருந்து, வெளியிலிருந்து நேராக ஆள் எடுக்கும் வழி இன்னும் இறுகிவிட்டது. அரைக் கோடி ரூபாய் வரை கடன் வாங்கி எம்.எஸ். போகும் குடும்பம், கடனை அடைக்கும் திட்டத்தை ஒரு குலுக்கலின்மேல் கட்டுகிறது. நிலத்தை அடகு வைப்பதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் ஓர் ஆண்டுச் சாப்பாடு, தங்கல் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்ற அலுவலகம் சரிபார்த்துச் சான்று தந்தால்தான் விசா. படித்தபின் வேலை தேட 18 மாதம் கிடைக்கும். ஜெர்மன் மொழி இல்லாமல் பட்டம் வாங்கிவிடலாம்; மென்பொருளைத் தவிர மற்ற வேலைகளை வாங்குவது கடினம்.

பி.எஸ்ஸி., பி.காம்., பி.ஏ. போன்ற மூன்றாண்டுப் பட்டங்களுக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பள்ளி 12, கல்லூரி 3, மொத்தம் 15 ஆண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல, முதுகலைக்கு 16 ஆண்டுப் படிப்பு கேட்கின்றன. எச்-1பி-யிலும் நான்காண்டுப் பட்டம்தான் அளவுகோல். குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று ஆண்டு வேலை அனுபவத்தை ஈடாகக் காட்டுவது நடைமுறை. நாக் ‘ஏ’ தரக் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியிருந்தால் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் மூன்றாண்டுப் பட்டத்தை முழுமையாக ஏற்பதும் உண்டு. மற்றவர்களுக்கு இங்கேயே எம்.எஸ்ஸி., எம்.சி.ஏ. முடித்துவிட்டுப் போவது சிக்கனமான வழி. மூன்றாண்டுப் பட்டங்களில் நேராக வெளிநாட்டுக் கதவைத் தட்டக்கூடியது பி.காம்.தான், அதுவும் தனியாக அல்ல. அமீரகம் 2018 ஜனவரியில் 5 சதவீத வாட் வரியும், 2023 ஜூனில் நிறுவன லாபத்துக்கு 9 சதவீத வரியும் கொண்டுவந்தது. அதுவரை வருமான வரியே தெரியாமல் இருந்த கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் முறையாகக் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. பி.காமோடு சி.ஏ. இன்டர், சி.எம்.ஏ., ஏ.சி.சி.ஏ. ஆகியவற்றில் ஒன்று இருப்பவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

நர்சிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குறைந்த செலவில், அதிக நாடுகளில், பெண்களுக்கும் ஆண்களுக்கும் வேலை தரும் படிப்பு இதைப்போல இன்னொன்று இல்லை. கேரளம் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. செங்கோட்டையைத் தாண்டினால் வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்று சொல்லும்படி ஊர்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் இன்னமும் ‘டாக்டருக்குக் கிடைக்காவிட்டால் நர்ஸ்’ என்ற இரண்டாம் தர நினைப்பு ஓடுகிறது. பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். டிப்ளமா மூன்று ஆண்டு, ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. வெளிநாட்டுக்கு ஏ.என்.எம். பெரும்பாலும் உதவாது. ஜி.என்.எம். பல இடங்களில் செல்லும் என்றாலும், பி.எஸ்ஸி.க்குக் கதவுகள் அதிகம். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும், படித்து முடித்தபின் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவும் அடிப்படைத் தேவைகள். அதற்குப் பிறகு படுக்கை எண்ணிக்கை அதிகமுள்ள ஆஸ்பத்திரியில், முடிந்தால் ஐ.சி.யூ., டயாலிசிஸ், அறுவை அரங்கு போன்ற பிரிவில், இரண்டு ஆண்டு வேலை பார்க்க வேண்டும். பத்துப் படுக்கை கிளினிக்கில் பார்த்த வேலையை வெளிநாட்டார் அனுபவமாக எண்ணுவதில்லை.

நாட்டுக்கு நாடு தேர்வு மாறும். வளைகுடாவில் துபாய், அபுதாபி, சவுதி என்று தனித்தனி உரிமத் தேர்வுகள். அவற்றை ‘புரோமெட்ரிக்’ என்ற ஒரே பெயரில் நர்சுகள் அழைக்கிறார்கள். படித்த கல்லூரிக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் கடிதம் எழுதிச் சான்றிதழ் உண்மையா என்று விசாரிக்கும் ‘டேட்டாஃப்ளோ’ சரிபார்ப்பும் உண்டு. போலி அனுபவச் சான்று வாங்கியவர்கள் அங்கேதான் பிடிபடுகிறார்கள், சில நாடுகளில் கறுப்புப் பட்டியலிலும் ஏறிவிடுகிறார்கள். பிரிட்டனில் கணினித் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று, அவற்றோடு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5-ம் மற்ற மூன்றில் 7-ம். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு. அதில் தேறினாலும் இந்தியர்களுக்கான குடியேற்ற விசா வரிசை பல ஆண்டு நீளம். ஜெர்மனிக்கு பி1 அளவு மொழியோடு போய், அங்கே பி2 முடித்து, அந்நாட்டுப் பாடத்திட்டத்தோடு ஒப்பிடும்போது குறையும் பகுதிக்குப் பயிற்சியோ தேர்வோ முடித்தால் முழு உரிமம் வரும். அதுவரை உதவியாளர் சம்பளம்தான்.

நர்ஸ் வேலையும் ‘கேர் ஒர்க்கர்’ வேலையும் வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்துக்கொள்ளும் கேர் ஒர்க்கர் வேலைக்குப் பிரிட்டன் சில ஆண்டுகள் கதவைத் திறந்துவைத்தது. பல லட்சம் கொடுத்துப் போன நர்சுகள் பலர் அந்த வேலையிலேயே தங்கிவிட்டார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை அந்நாடு நிறுத்திவிட்டது. இன்றைக்கும் அந்த விசா வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆள், செய்தித்தாள் படிக்காதவரை நம்பித் தொழில் நடத்துகிறார்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வருவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2018 முதல் அதற்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில். இதில் ஒன்று குறைந்தாலும் இந்தியாவில் பதிவு கிடைக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும் திரும்பி வந்து தேர்வெழுதித் தேற வேண்டும், அதில் தேறுகிறவர்கள் சிறுபான்மை. 2022-ல் போர் மூண்டபோது உக்ரைனிலிருந்து பாதிப் படிப்போடு திரும்பிய இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 18,000 பேர்.

கைத்தொழில் வாசலுக்கு வந்தால், பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்த பையன்களைத் தண்டனைபோல ஐ.டி.ஐ.க்கு அனுப்பும் வழக்கம் தப்பான கணக்கு என்று தெரியும். மூலைக்கு மூலை பி.இ. படித்தவர் இருக்கிறார், 45 பாகை சாய்ந்த, திருப்ப முடியாத குழாயைச் சுற்றிலும் பற்றவைத்து எக்ஸ்ரேயில் தேறும் 6ஜி வெல்டர் அரிது. வளைகுடாவின் சுத்திகரிப்பு ஆலைகளிலும் சிங்கப்பூர் கப்பல் பட்டறைகளிலும் அவருக்குக் கிடைக்கும் சம்பளம், புதிதாகச் சேரும் பல பொறியாளர்களின் சம்பளத்தைத் தாண்டும். சான்றிதழ் மத்திய அரசின் என்.சி.வி.டி. முத்திரையோடு இருக்க வேண்டும். மாநிலச் சான்றுக்கு வெளியே மதிப்பு குறைவு. சவுதி அரேபியா எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக் போன்ற தொழில்களுக்கு விசா தருவதற்கு முன்பே இந்தியாவிலுள்ள மையங்களில் திறன் தேர்வு நடத்துகிறது. சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் அந்நாட்டுக் கட்டட ஆணையத்தின் தேர்வைத் தமிழ்நாட்டிலேயே உள்ள மையங்களில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அங்கே ஒர்க் பெர்மிட்டுக்கும் எஸ் பாஸுக்கும் வித்தியாசம் பெரிது. எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி. டிப்ளமா முடித்தவர் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர். அவசரத்தில் ஒர்க் பெர்மிட்டில் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஜப்பானும் ஜெர்மனியும் இந்த வாசலில் புதிதாகச் சேர்ந்தவை. இரண்டிலும் முதியோர் அதிகம், வேலைக்கு இளைஞர் குறைவு. ஜப்பான் 2021 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு, முதியோர் பராமரிப்பு, உணவகம், கட்டுமானம், விவசாயம் போன்ற துறைகளில் ‘குறிப்பிட்ட திறன்’ விசா தருகிறது. மொழியில் என்4 அளவும் துறைத் தேர்வும் வேண்டும். ஐந்து ஆண்டு வரை இருக்கலாம், முதல் கட்டத்தில் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. ஜெர்மனியில் ‘ஆவுஸ்பில்டுங்’ என்னும் முறை, பிளஸ் டூ முடித்தவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு தொழிற்கல்வியும் கம்பெனியில் வேலையும் உதவித்தொகையும் சேர்த்துத் தருகிறது. 2024 அக்டோபரில் ஜெர்மனி, திறன்மிக்க இந்தியர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்தது. இந்தச் செய்தி வந்த மறுமாதமே ஊருக்கு ஊர் ஜெர்மன் வகுப்புகள் முளைத்தன. மொழியில் பி1 என்பது மூன்று மாதத்தில் வருவதல்ல. ஒழுங்காகப் படித்தால் எட்டு, பத்து மாதம் ஆகும். முப்பது நாளில் ஜெர்மன் என்ற விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடலாம். ஜெர்மன் தேர்வைச் சென்னையில் கோதே நிறுவனம் நடத்துகிறது. ஜப்பானியத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கிறது. தமிழ்வழியில் படித்த மாணவர்களுக்கு இந்த இரண்டு மொழிகளிலும் ஒரு நியாயம் உண்டு: ஆங்கிலவழி மாணவரும் அதே முதல் எழுத்தில்தான் தொடங்க வேண்டும்.

பணம். அரசு உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான், குடிபெயர்வுச் சட்ட விதி அது. ஊரில் கேட்கும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். முகவரின் உரிம எண் உண்மையா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலிருந்து நேராக ஆள் எடுக்கிறது. குவைத்துக்கு நர்ஸ் எடுப்பதில் லட்சக்கணக்கில் பறித்த மோசடி கேரளத்தில் அம்பலமான 2015-ல், வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாக அனுப்பும்படி மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது. மேற்படிப்புக்குப் போகும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை 36 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது, கல்விக்கடனில் 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் வாங்க வழி உண்டு. இவற்றை விசாரிக்காமலே மீட்டர் வட்டிக்குப் போகும் வீடுகள் இருக்கின்றன.

மோசடிக்குப் படித்தவர்களும் விதிவிலக்கல்ல. 2022-ல் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போகப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவதி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும் முகாம்களில் அடைபட்டார்கள். மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் பலர் பொறியியல், கணினி படித்தவர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சு வந்தாலே அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அதைச் சிவப்பு நாடா என்று நினைத்துக் குறுக்கு வழி தேடுவோர் உண்டு. அந்த அனுமதியோடுதான் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் வருகிறது. இரண்டாண்டுப் பிரீமியம் 275 ரூபாய்.

கதவுகள் மூடும் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2011-ல் சவுதி ‘நிதாகத்’ கொண்டுவந்து உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கியது. கனடா 2024 ஜனவரியில் மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு விதித்தது. அதே மாதம் பிரிட்டன், பாடவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவருவதை நிறுத்தியது. பிளஸ் டூவில் எடுக்கும் முடிவு பலன் தர ஐந்து, ஆறு ஆண்டு ஆகும். இவ்வளவு காலம் எந்த நாட்டு விதியும் நிற்பதில்லை. ஆகவே இந்தியாவிலும் சம்பளம் தரும் படிப்பே வெளிநாட்டுக்கும் பாதுகாப்பானது. நர்ஸ், வெல்டர், கணக்காளர், மென்பொருள் ஆள் ஆகியோர் எந்தக் கதவு மூடினாலும் இங்கே வேலை பார்ப்பார்கள். வெளிநாட்டை மட்டுமே நம்பிப் படிக்கும் சில சிறப்புப் படிப்புகளுக்கு அந்த வசதி கிடையாது. தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் நடத்தும் அலுவலகம் இதன் மறுபக்கம்: அங்கே எழுதப்படும் மென்பொருளை வாங்குவோர் உலகெங்கும் இருக்கிறார்கள், எழுதுகிறவர் சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குப் போகிறார். பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களை எடுத்து உதவித்தொகையோடு கற்றுக்கொடுக்கும் பள்ளியையும் அது இங்கே வைத்திருக்கிறது.

கடைசியாகக் காகிதம். பட்டச் சான்றிதழை வளைகுடாவின் சில நாடுகளில் பயன்படுத்த மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று மூன்று இடத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். இந்தியா 2005-ல் சேர்ந்த ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே முத்திரை போதும். சவுதி 2022 டிசம்பரில் அதில் சேர்ந்துவிட்டது. இவற்றைவிட அதிகம் பேரை அலைக்கழிப்பது பெயர். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. மதிப்பெண் சான்றில் ‘எம். கருப்பசாமி’, ஆதாரில் ‘கருப்பசாமி மாடசாமி’, பாஸ்போர்ட்டில் வெறும் ‘கருப்பசாமி’ என்றிருந்தால் சரிபார்ப்பில் மூன்றும் மூன்று ஆள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிக்க முடியாது என்று அறிவித்து, தகப்பனார் பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் சரி என்று பின்னர் தளர்த்தியது; இடைப்பட்ட நாட்களில் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டவர்களில் தமிழர் பலர். ஊர்ப் பெயருக்கும் இதே கதி: திருவேங்கடம் என்பதை ஒரு சான்றில் ‘க’வுக்கு ஓர் ஆங்கில எழுத்தும் இன்னொன்றில் வேறோர் எழுத்தும் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். இனிஷியலின் முழு விரிவு, அதன் எழுத்துக்கூட்டு, பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும்போது பள்ளியிலேயே இதைச் செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். அச்சான பிறகு திருத்துவதானால் தலைமையாசிரியர் தொடங்கித் தேர்வுத்துறை இயக்ககம் வரை விண்ணப்பம் போக வேண்டும். பெயரையே மாற்றுவதானால் அரசிதழ் அறிவிப்பும் தேவைப்படும். வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த ஒரு வேலையை இந்த ஆண்டே முடித்துவிடலாம்.